கொடுத்த எழுத்துகளில் ஆங்கிலச் சொல் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

ஏ, ஈ, எல், என், ஆர். இந்த ஐந்து எழுத்துகளை வைத்து ஓர் ஆங்கிலச் சொல் சொல்லுங்கள் என்றால் ஒருவர் 'லேர்ன்' என்பார். இன்னொருவர் 'மினரல்', 'ஜெனரல்', 'கிளீனர்' என்று அடுக்குவார். மூன்றாமவர் 'நியர்', 'ரியல்' என்பார். நான்காமவருக்கு 'அரீனா' தோன்றும். யாரும் தப்பாகச் சொல்லவில்லை, ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொல்கிறார்கள். சொல் தேடும் தளங்களில் வேண்டாத பட்டியல் வந்து விழுவதற்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான் காரணம்.

கொடுத்த எழுத்துகள் அத்தனையும் வேண்டும், கூடவே வேறு எழுத்தும் வரலாம் என்றால் மினரல் சரி. கொடுத்ததை மட்டுமே, அதுவும் ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்தலாம் என்றால் அது, பலகையில் எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தின் கணக்கு. லேர்ன், ரியல் எல்லாம் அங்கே செல்லும். நீளமான ஒரு சொல்லைக் கொடுத்து அதிலிருந்து சின்னச் சொற்கள் எடுக்கச் சொல்லும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் இந்த வகைதான். அரீனாவில் ஏ இரண்டு முறை வருவதால் இங்கே அதற்கு இடமில்லை. ஆனால் நியூயார்க் டைம்ஸின் 'ஸ்பெல்லிங் பீ' ஆட்டத்தில் ஓர் எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். அங்கே ஏழு எழுத்துகளில் நடுவிலுள்ளது கட்டாயம் வர வேண்டும், சொல்லில் நான்கு எழுத்தாவது இருக்க வேண்டும். நான்காவதாக, எழுத்துகள் அதே வரிசையில் ஒட்டியே வர வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. எல், ஈ, ஏ, ஆர், என் என்ற வரிசையில் கொடுத்தால் அன்லேர்ன், லேர்னர் போன்றவை அதற்கானவை.

'கன்டெய்ன்ஸ்' (உள்ளடக்கியது) என்று பெயரிட்ட பெட்டி சில தளங்களில் ஒட்டி வருவதை மட்டும் தேடும், சிலவற்றில் சிதறிக் கிடப்பதையும் தேடும். பெயரை நம்பாதீர்கள். அந்த ஐந்து எழுத்துகளையும் ஏ-ஈ-எல்-என்-ஆர் என்ற வரிசையிலேயே உள்ளிட்டுப் பாருங்கள். மினரல் வந்தால் சிதறித் தேடுகிறது, வராவிட்டால் ஒட்டித் தேடுகிறது. அரை நிமிடம்கூட ஆகாது.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் 'வேர்டில்' ஆட்டத்தை ஆடுகிறவர்கள் வழுக்குவது வேறோர் இடத்தில். அங்கே சொல்லில் இருந்தும் இடம் மாறிப்போன எழுத்து மஞ்சளாகும், இல்லாத எழுத்து சாம்பலாகும். விடை 'லேர்ன்' என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 'ஈகிள்' போடுகிறீர்கள்: ஈ, ஏ, ஜி, எல், ஈ. முதல் ஈ மஞ்சள், ஏ மஞ்சள், ஜி சாம்பல், எல் மஞ்சள், கடைசி ஈ சாம்பல். அந்தச் சாம்பலைப் பார்த்ததும் தேடும் தளத்தில் 'வேண்டாத எழுத்துகள்' பெட்டியில் ஈ-யையும் சேர்த்துவிடுகிறோம். பட்டியலிலிருந்து லேர்ன் அப்போதே காணாமல் போய்விடும். கடைசிச் சாம்பலுக்குப் பொருள் 'ஈ இல்லை' என்பதல்ல. 'இரண்டாவது ஈ இல்லை, ஐந்தாம் இடத்திலும் ஈ இல்லை' என்பது. ஒரே எழுத்தை இருமுறை போட்ட வரியில் அந்த எழுத்தின் சாம்பலைத் தனியாகப் படிக்கக் கூடாது. மஞ்சளையும் அரைகுறையாகப் படிக்கிறோம்: எழுத்து உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் இல்லை என்ற மறுபாதியை விட்டுவிடுகிறோம்.

நிரல் தெரிந்தவர்களுக்கென்று தனியாக ஒரு தவறு இருக்கிறது. யூனிக்ஸ் கணினியின் சொல்பட்டியல் கோப்பில், பொருந்தும் வரிகளைப் பொறுக்கித் தரும் 'கிரெப்' கட்டளையை ஓட்டி, சதுர அடைப்புக்குள் ஐந்து எழுத்தையும் போடுவார்கள். அதற்கு 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்றுதான் பொருள், எனவே 'பனானா'கூட வந்து நிற்கும். ஐந்தும் வேண்டுமென்றால் ஓர் எழுத்துக்கு ஒரு வடிகட்டலாக ஐந்து முறை அடுத்தடுத்து வடிகட்டுங்கள். எழுத்து மாற்றி அமைத்த சொற்கள்தான் வேண்டுமென்றால் இன்னும் எளிய வழி உண்டு. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். லேர்ன், ரீனல் இரண்டும் ஏ-ஈ-எல்-என்-ஆர் என்று ஒன்றாகவே வந்து நிற்கும். அந்தக் கோப்பில் ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் கலந்திருக்கும், அதையும் மறந்துவிட வேண்டாம்.

தளம் எதுவும் இல்லாமல் தலைக்குள்ளேயே தேடும்போது நம்மைக் கவிழ்ப்பது காது. எழுதியபடி வாசித்துப் பழகிய நாம் கே-யைப் பார்த்ததும் 'க' ஒலியில் தொடங்கும் சொற்களைத்தான் துழாவுவோம். கே-க்குப் பக்கத்தில் என்-ஐ வைத்துப் பார்க்கவே தோன்றாது. 'நீ' (முழங்கால்), 'நீல்' (மண்டியிடு), 'நேவ்' (போக்கிரி) எல்லாம் அந்த ஜோடியில்தான் ஒளிந்திருக்கின்றன. ஜி-யோடு என், டபிள்யூ-வோடு ஆர் ஆகியவையும் இப்படித்தான். எழுத்துகளை ஒலிக்காமல் காகிதத்தில் வட்டமாக எழுதிப் பாருங்கள். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். கியூ வந்தால் யூ இல்லாமல் முடியாது என்ற பள்ளிக்கூட விதியையும் ஸ்கிராபிள் பலகையில் கழற்றி வைத்துவிடலாம். கியூ, ஐ என்ற இரண்டே எழுத்தில் முடியும் 'சீ' செல்லும். கனாட், ஃபக்கீர், நிகாப் எல்லாம் செல்லும்.

எந்த அகராதியில் தேடுகிறோம் என்பதை ஆட்டம் முடிந்த பிறகுதான் பலரும் யோசிக்கிறார்கள். வட அமெரிக்க ஸ்கிராபிள் ஒரு பட்டியலைப் பின்பற்றுகிறது; பிரிட்டன் உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளில் காலின்ஸ் அகராதியின் பட்டியல்தான். 'ஓகே' என்ற இரண்டெழுத்துச் சொல் அமெரிக்காவில் 2018-இலும் காலின்ஸில் 2019-இலும்தான் ஏறியது, ஆகவே பழைய பட்டியலை வைத்திருக்கும் செயலி அதை மறுக்கும். ஸ்பெல்லிங் பீயில் எந்தச் சொல் செல்லும் என்பதை ஒரு பதிப்பாசிரியர் முடிவு செய்கிறார். அகராதியில் இருக்கும் சொல்லும் அங்கே தள்ளுபடியாகலாம், எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. வேர்டிலோ அமெரிக்க எழுத்துக்கூட்டலில் ஓடுகிறது. 2022 பிப்ரவரியில் 'ஹியூமர்' விடையாக வந்தபோது பிரிட்டன்காரர்கள் முகம் சுளித்தார்கள், அவர்களுக்கு அது ஆறெழுத்துச் சொல். நாமும் இப்படிப்பட்ட சொற்களில் ஓ-வுக்குப் பின் ஒரு யூ போட்டே படித்தவர்கள் என்பதால், ஐந்தெழுத்துத் தேடலில் ஃபேவர், லேபர், ஹானர் போன்றவற்றை அந்த யூ இல்லாமலும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிடுவது நல்லது.