ஊர் வேலையைத் தனியாருக்கு விடும்முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

குப்பை அள்ளுவது, குடிநீர்க் குழாய் பராமரிப்பு, பஸ் ஸ்டாண்டில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிப்பது. இதில் எதையாவது தனியாருக்கு விடப்போவதாக உங்கள் ஊரில் பேச்சு அடிபட்டால், ஆதரவு, எதிர்ப்பு என்று கட்சி பிரியும் முன்னால் காகிதத்தை வாங்கிப் படியுங்கள். எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். டெண்டர் கோப்புகளும் குத்தகை ஏலங்களும்தான் என் வேலை. உதாரணங்களை அமெரிக்காவில் இருந்து எடுக்கிறேன். அங்கே இந்த முயற்சிகள் நாற்பது ஐம்பது வருஷமாக நடக்கின்றன, ஜெயித்ததும் தோற்றதும் எழுத்தில் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது, போட்டி உண்மையா என்பது. 1938 முதல் அமெரிக்காவில் எந்த விமானம் எந்த வழியில் பறக்கலாம், டிக்கெட் என்ன விலை என்பதை சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு வாரியம் தீர்மானித்தது. நம் ஊரில் பஸ் பெர்மிட்டும் கட்டணமும் அரசு கையில் இருப்பது போலத்தான். நாற்பது வருஷம் ஒரு புதிய பெரிய நிறுவனத்தைக்கூட அது உள்ளே விடவில்லை. கலிபோர்னியாவுக்குள்ளும் டெக்சாஸுக்குள்ளும் மட்டும் பறந்தவர்கள் அந்த வாரியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அங்கே டிக்கெட் நன்றாகவே மலிவு. 1978ல் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். அதற்காக முன்னால் நின்று வாதாடியவர் வாரியத்தின் தலைவரான பொருளாதார அறிஞர் ஆல்பிரட் கான். 1985 தொடங்கும்போது வாரியமே இல்லை. சிறிய ஊர்களுக்கு விமானம் நின்றுவிடுமே என்ற பயத்துக்கும் அதே சட்டத்தில் மானியம் வைத்தார்கள். அதனால் நீங்களும் கேளுங்கள்: லாபம் வராத கடைசித் தெருவுக்கு யார் வருவார்கள், அதற்குப் பணம் யார் தருவார்கள்?

டெண்டரில் மூன்று பேர் இருந்தால் போட்டி என்று நம்பிவிடாதீர்கள். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கான டிடி மூன்றும் ஒரே வங்கிக் கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்ததை நான் கோப்பில் பார்த்திருக்கிறேன். அது சிண்டிகேட், அதாவது மூவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட நாடகம். டிடி எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, நகராட்சியே போட்டியிட முடியுமா என்பது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரம். 1970களின் கடைசியில் குப்பை அள்ளும் பகுதிகளை அங்கே ஏலத்துக்கு விட்டார்கள். நகரத்தின் சொந்தத் துறையும் தனியாரோடு சேர்ந்து விலை சொல்ல வேண்டும். துறை முதலில் தோற்றது. அப்புறம் ஓட்டுநர்களின் யோசனைகளைக் கேட்டு வழித்தடங்களை மாற்றி, செலவைக் குறைத்து, 1984ல் ஜெயித்தது. சில வருஷத்தில் எல்லாப் பகுதிகளையும் திரும்பப் பிடித்தது. துறை சொன்ன விலை நிஜமானதுதானா என்பதை நகரத் தணிக்கையாளர் சரிபார்த்தார். எது மலிவு என்ற கணக்கில் நகராட்சிப் பக்கம் சம்பளம், டீசலோடு ஓய்வூதியமும் வண்டித் தேய்மானமும் சேர வேண்டும். தனியார் பக்கம் அவர்களைக் கண்காணிக்கும் மேற்பார்வையாளரின் சம்பளம் சேர வேண்டும். இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, எத்தனை வருஷம்? இந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். 2008 டிசம்பரில் சிகாகோ நகரம் தன் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டு, சுமார் 115 கோடி டாலரை மொத்தமாக வாங்கியது. திட்டம் அறிவிக்கப்பட்ட சில நாளில் கவுன்சில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு நகரத்தின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் அதிகாரி இல்லை, நகர நிர்வாகத்தைக் கண்காணிப்பவர்) கணக்குப் போட்டு, குறைந்தது 97 கோடி டாலர் விட்டுக்கொடுக்கப்பட்டதாகச் சொன்னார். திருவிழாவுக்காகத் தெருவை மூடினாலும் அந்த நிறுவனத்துக்கு நகரம் நஷ்ட ஈடு தர வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியை மூட யாருக்கோ பணம் கட்ட வேண்டும் என்றால் திருநெல்வேலியில் யாராவது சம்மதிப்போமா? பட்ஜெட் பள்ளத்தை நிரப்ப நீண்ட காலக் குத்தகை விடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். பிறக்காத பிள்ளைகளின் வருமானத்தை விற்பது அது. மூன்று வருஷம், அதிகம் போனால் ஐந்து. ஒழுங்காகச் செய்யாவிட்டால் நடுவில் ரத்து செய்யும் பிரிவு. இவை இல்லாத ஒப்பந்தத்துக்குக் கவுன்சிலர் கை தூக்கக் கூடாது.

குடிநீர் என்றால் இன்னொன்று உண்டு. அட்லாண்டா 1999ல் குடிநீர் நிர்வாகத்தை இருபது வருஷ ஒப்பந்தத்தில் தனியாருக்குக் கொடுத்தது. பூமிக்குள் குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது சரியாகத் தெரியாமலே விலை பேசியிருந்தார்கள். கலங்கல் தண்ணீர், பழுது, கூடுதல் பணம் கேட்டுத் தகராறு என்று போய் 2003ல் முறிந்தது. முதலில் குழாய்க் கணக்கெடுப்பு, பிறகுதான் டெண்டர். மின்சாரத்தில் கலிபோர்னியா, விநியோக நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்த விலையைச் சந்தைக்கு விட்டு வீட்டுக் கட்டணத்தை உறைய வைத்தது. வாங்கும் விலை எகிறியபோது நடுவில் மாட்டிய அந்த நிறுவனங்களில் ஒன்று 2001ல் திவால் மனு போட்டது. பாதியை மட்டும் திறந்துவிட்டால் அது சந்தை ஆகாது.

காகிதங்கள் கிடைக்க நேரம் பிடிக்கும், ஆகவே பேச்சு கிளம்பும்போதே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும். "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: வரைவு ஒப்பந்தம், மதிப்பீட்டு அறிக்கை, கடந்த மூன்று ஆண்டுச் செலவுக் கணக்கு, இதே வேலைக்கு முன்பு வந்த டெண்டர்களின் ஒப்பீட்டுப் பட்டியல். 30 நாளில் பதில் வரவில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தபால் ரசீதின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.