ஹாஸ்டல் வைஃபையில் டோரன்ட் போடுகிறீர்களா?

முதலில் கல்லூரியின் நெட்வொர்க் விதிகளைப் பாருங்கள். டோரன்டே, அதாவது பயனர்கள் ஒருவருக்கொருவர் கோப்பைப் பகிரும் முறையே, கூடாது என்றிருந்தால், இலவச இயங்குதளமான உபுண்டுவானாலும் நேரடி டவுன்லோடுதான். வைஃபையில் உள்நுழைவது உங்கள் ரோல் நம்பரில் என்றால், யார் என்று கண்டுபிடிப்பது சிரமமே இல்லை.

அனுமதி இருக்கிறதா? சரி. பலர் கவனிக்காதது அப்லோடு. கோப்பு இறங்கும்போதே உங்கள் கணினி அதை மற்றவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும்; இறங்கி முடிந்தபிறகும் நிற்காது. பக்கத்து அறையில் வீடியோ இன்டர்வியூ திக்கித் திணறுவது இதனால்கூட இருக்கலாம். க்யூபிட்டோரன்ட் என்ற டோரன்ட் செயலியில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஸ்பீடு என்று போய் அப்லோடுக்கு நொடிக்கு 50 அல்லது 100 கிலோபைட் என வரம்பு வையுங்கள். பூஜ்ஜியம் போட்டுவிடாதீர்கள், அதற்கு வரம்பே இல்லை என்று பொருள். அங்கேயே ஷெட்யூலரும் உண்டு. பகலில் மெதுவாக, நள்ளிரவுக்கு மேல் வேகமாக என்று பிரித்துவிடலாம். விண்டோஸில் பெருக்கல் குறியை அழுத்தினால் மூலையில் ஒளிந்து ஓடிக்கொண்டேயிருக்கும், எக்ஸிட் கொடுத்தால்தான் நிற்கும்.

லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றின் டோரன்டுகளை அந்தந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். புதுப்படம் வேறு கதை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. டோரன்டில் நீங்கள் பார்ப்பவர் மட்டுமல்ல, விநியோகிப்பவரும்கூட.