கவரில் பொடி இருந்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு அலுவலகத்தில் தபால் பிரிப்பது என் வேலை. ஒருமுறை இதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த பார்சலின் ஓரத்தில் மஞ்சளாய்ப் பொடி. குனிந்து மோந்து பார்த்தேன். வெறும் மஞ்சள்தூள்! ஆனாலும் மோந்தது தப்பு. 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியைப் பொடியாக வைத்து அனுப்பிய கடிதங்களால் இறந்த 5 பேருக்கும் கிருமி மூச்சு வழியாகத்தான் போயிற்று.

பொடி சிந்தினால் உதறாதீர்கள், ஊதாதீர்கள், கூட்டிப் பெருக்காதீர்கள். கவரை அங்கேயே வைத்து, கைக்குக் கிடைத்த துணியால் மெதுவாக மூடுங்கள். ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். இங்கே கோடையான டிசம்பர் வெயிலில் முனகுவார்கள், முனகட்டும். எல்லாரும் வெளியேறியதும் கதவைச் சாத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பொடி பட்ட சட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். போலீசுக்கு 10111. அறைக்குள் இருந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதுங்கள்; டீ கொண்டுவந்த அக்காவை விட்டுவிடாதீர்கள்.