அம்மாவுக்கு மறதி நோய்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

நாற்பது வருஷமாக வைத்த வத்தக்குழம்பில் புளியே இல்லை. பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை காசு போயிருக்கிறது. மருமகள் வளையலை எடுத்துவிட்டாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். "வயசானா அப்படித்தான்" என்பார்கள் சொந்தக்காரர்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி, மூளையில் வரும் நோய். பிடிவாதமும் இல்லை, நடிப்பும் இல்லை. அம்மாவை இனித் திருத்த முடியாது. வீட்டையும் அன்றாட வேலைகளையும் நம் பேச்சையும்தான் அவருக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான். அப்பாவுக்கும் இதே முறைதான்.

படி 1: மருத்துவரிடம் போங்கள்

நரம்பியல், மனநலம், முதியோர் நலம் ஆகிய மூன்றில் எந்தத் துறை மருத்துவரிடமும் காட்டலாம். சென்னைக்காரர்களுக்கு, கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கட்டிய ரத்தம் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால்தான் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அரிப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் அவில், தூக்க மாத்திரை இரண்டுமே குழப்பத்தைக் கூட்டக்கூடியவை. டோனெபெசில் போன்ற மருந்து சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைக் குணப்படுத்தாது.

இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் இன்று ஒரேயடியாகப் பிதற்றினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் ஒரே இரவில் முற்றாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்று ஏதாவது காரணம் இருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: பேச்சை மாற்றுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள். "அம்மா, மதுரை சித்தப்பா வந்திருக்கார்" என்று பெயரையும் உறவையும் நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

சாயங்காலம் ஆனால் பலர் "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். இதுதான் உங்கள் வீடு என்று நிரூபிக்கப் பத்திரத்தை எடுத்துக் காட்டியும் பயனில்லை. அவர் தேடுவது பெரும்பாலும் சின்ன வயதில் இருந்த வீட்டையோ, மனசுக்குப் பழகிய ஓர் இடத்தையோ. "அங்கே கிணறு இருந்ததாம்மா? யாரெல்லாம் இருந்தீங்க?" என்று பேச்சுக்கொடுங்கள். பிறகு "காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று உள்ளே அழைத்துப் போங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டு டிவி சத்தத்தைக் குறைத்தால் இந்தப் பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

இறந்துபோன அப்பாவைக் கேட்டால்? ஒவ்வொரு முறையும் "செத்துட்டாரே" என்றால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "அப்பா ஞாபகம் வந்துடுச்சா?" என்று கேட்டு அவரைப் பற்றிப் பேசவிடுங்கள். இது பொய்யாகாதா என்று சிலருக்கு உறுத்தும். என் கணக்கில் ஆகாது.

திருட்டுப் பழி வந்தால் மறுத்து வாதாடாமல் கூடச் சேர்ந்து தேடுங்கள். ஒளித்துவைக்கும் இடங்கள் பெரும்பாலும் அதேதான்: அரிசி டப்பா, தலையணை உறை, பூஜை அலமாரி. பழி விழுந்த மருமகளிடம் இது நோயின் பேச்சு என்று மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் தானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று இருக்கக் கூடாது.

படி 3: வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

குளியலறையின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கால்மிதி, வயர், வழுக்கும் தரை எதையும் விடாதீர்கள். இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறைவரை சின்ன விளக்கு எரியட்டும். கேஸை ஒவ்வொரு முறையும் ரெகுலேட்டரிலேயே மூடுங்கள். கண்ணாடியில் "யாரோ பார்க்கிறாங்க" என்று பயந்தால் துணி போட்டு மூடுங்கள். வெளியே போய் வழிதவறும் ஆபத்து இருப்பதால் உங்கள் போன் எண் பொறித்த வளையலோ டாலரோ எப்போதும் உடம்பில் இருக்கட்டும். அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். தெருமுனைக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

படி 4: குளியல்

அதிகம் சண்டை வருவது இங்கேதான். தலையில் தண்ணீர் விழுந்தால் பயம், குளிர், ஆடை களைய வெட்கம். "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். வெந்நீர், துண்டு, மாற்றுத்துணி எல்லாம் தயாராக வைத்துவிட்டு "வாங்கம்மா, தண்ணி சூடா இருக்கு" என்று கைபிடித்து அழைத்துப் போங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் துண்டு போர்த்தி, சொம்பால் காலில் தொடங்கி மெல்ல மேலே ஊற்றிக்கொண்டு வாருங்கள். சொம்பை அவர் கையிலேயே கொடுத்தால் பலர் தாங்களே ஊற்றிக்கொள்வார்கள். வேண்டாமென்று அடம்பிடித்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தினமும் குளித்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை.

படி 5: சாப்பாடு

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு சிலர் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தட்டில் போடுங்கள், வாழையிலை இன்னும் நல்லது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் "யாரும் சோறு போடலை" என்றால் ஒரு பழமோ பிஸ்கட்டோ கொடுத்தால் போதும். ரசம், தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கவைத்து எதுவும் ஊட்டாதீர்கள்.

படி 6: காகிதங்கள்

சொத்து, வங்கி விஷயங்களை அவருக்கு விவரம் புரியும்போதே வழக்கறிஞரிடம் பேசி முடியுங்கள். நம் நாட்டில் சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, கொடுத்தவர் புத்தித்தெளிவு இழந்ததும் செல்லாமல் போய்விடும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

படி 7: உங்கள் பங்கைக் குறையுங்கள்

வெளியூர் அண்ணனிடம் "கொஞ்சம் உதவி பண்ணு" என்றால் பணம் வரும், ஆள் வரமாட்டார். "மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறு நீ இங்கே இருக்கணும்" என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567. நீங்களே உடைந்துபோகிற மாதிரி இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். மாற்று ஆள் வரும் நாளுக்காக மாத்திரை நேரம், பிடித்த பாட்டு, எதைச் சொன்னால் கோபம் வரும், எதைச் சொன்னால் சிரிப்பார் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, போனை அணைத்துத் தூங்கப் போங்கள்.