இலை கூப்பும் மரான்டா: முதல் தொட்டி வைப்பவர்களுக்கு

பூவைக் காட்டாமல் இலையாலேயே ஆளை இழுக்கும் செடி மரான்டா. கரும்பச்சைத் திட்டு, நடுவில் வெளிர்பச்சை, மீன்முள் மாதிரி சிவப்பு நரம்பு. ஆசையாக வாங்கி, பால்கனி வெயிலில் வைத்துக் கருக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆரோரூட் மாவு தரும் கிழங்குக்கு நெருங்கிய சொந்தமான இது, பிரேசில் காடுகளில் மரநிழலில் தரையோடு படர்வது. நேர் வெயில் ஆகவே ஆகாது.

முதலில் இடம். கிழக்கு ஜன்னலில் திரைக்குப் பின்னால் வையுங்கள். ஏசி காற்று நேராகப் படக்கூடாது. இலையின் கோலம் வெளிறினால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம்.

அடுத்து மண். வேர் ஆழம் போகாது, அகலத் தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. கோகோபீட்டை ஊறவைத்து, அலசிப் பிழிந்து சேருங்கள். அதில் உப்பு இருக்கும்.

அப்புறம் தண்ணீர். பலரும் தோற்பது இங்கேதான். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். இலை நுனி பழுப்பாகக் காய்ந்தால், போர்வெல் தண்ணீரின் உப்பைச் சந்தேகப்படலாம். மழைநீர் பிடித்து வைத்தால் உத்தமம். ஆர்.ஓ. குடிநீரும் சரி. ஆனால் அந்த இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

இருட்டியதும் இலைகள் கைகூப்பியதுபோல் நிமிரும். வாடிவிட்டதோ என்று பதறி நான் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். வாடிய இலை தொங்கும், சுருளும். கூப்பிய இலையோ அடிப்பக்கம் தெரிய எழுந்து நிற்கும். காம்பும் இலையும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள், விரல்கணு போலச் சின்னப் புடைப்பு இருக்கும். அதன் ஒரு பக்கத்துச் செல்களில் நீர் ஏறி, மறுபக்கம் இறங்கும்போது இலை மடங்குகிறது. தூங்குமூஞ்சி மரம் இரவில் இலை மூடுவதும் இப்படித்தான்.

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் அடிப்பக்கம் துடையுங்கள். சிலந்திப்பேன் அங்கேதான் வலை பின்னும்.

செடி தழைத்தபின், தண்டில் இலை கிளம்பும் கணுவுக்குக் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். சில வாரங்களில் வேர் விடும். கணு இல்லாத வெறும் இலையைப் போட்டால் அழுகுவதோடு சரி.