ஏரிக் கூண்டில் சால்மன் குஞ்சு வளர்ப்பது

ஆற்றில் குறைந்துபோன சால்மன் இனத்தை மீட்க, குஞ்சுகளை ஏரிக் கூண்டில் வளர்த்து விடும் முறை இது. முதல் விஷயம், முட்டை எங்கிருந்து வருகிறது என்பது. எந்த ஆற்றில் இனத்தை மீட்கப் போகிறீர்களோ அதே ஆற்றுத் தாய்மீன்களின் முட்டைதான் வேண்டும், வேறு ஆற்று மீன் அந்தச் சூழலுக்குச் சரிப்பட்டு வருவது அரிது.

கூண்டை ஆழமான, நீரோட்டமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். வலைக்கண் குஞ்சு நழுவாத அளவு சிறியதாக இருக்கட்டும், ஆனால் சின்னக் கண்ணில் பாசி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் உள்ளே ஆக்சிஜன் குறையும், அதனால் தேய்த்துக் கழுவும் வேலைக்கு ஓய்வே கிடையாது (இதைத்தான் பலர் தள்ளிப்போடுவார்கள்). மேலே பறவை வலை கட்டாயம்.

தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தீனியைக் குறையுங்கள், 20ஐ நெருங்கினால் நிறுத்திவிடலாம். நெரிசலும் வேண்டாம், நோய் பரவும்.

அப்புறம், எப்போது விடுவது? விலாவில் இருக்கும் கருந்திட்டுகள் மங்கி, உடல் வெள்ளியாக மின்னி, செதில் கையோடு உதிரத் தொடங்கினால் அது கடலுக்குத் தயாராகிறது. இந்தப் பருவத்தில்தான் ஊர்த்தண்ணீரின், அதாவது கடலிலிருந்து முட்டையிடத் திரும்பி வர வேண்டிய ஆற்று நீரின், வாசனை அதன் நினைவில் பதிகிறது, அதற்கு முன்பே கூண்டு அந்த நீரில் இருந்தாக வேண்டும். இருட்டிய பிறகு திறந்துவிடுங்கள், பறவைகளிடமிருந்து கொஞ்சமாவது தப்பும்.