புது சென்ட்டைத் தோலில் போட்டு அறிவது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

கடையில் காகிதப் பட்டையில் அடித்துத் தருவார்கள். பத்து நொடி முகர்வோம், பிடித்துவிடும், சில ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பத்து நொடியில் மூக்குக்கு எட்டுவது பெரும்பாலும் எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்), மிளகு போலச் சீக்கிரம் பறந்துவிடும் பொருட்கள்தான். மதியம் மூன்று மணிக்குச் சட்டைக் காலரிலிருந்து எழும் வாசனை வேறு. நாம் நாள் முழுக்கக் கூடவே இருக்கப்போவது அந்த இரண்டாவது வாசனையோடுதான், ஆனால் அதை முகராமலேயே வாங்கிவிடுகிறோம்.

ஒரு சென்ட்டை ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்து, சொந்த வார்த்தைகளில் எழுதி வைத்து, அதன்பின் முடிவெடுக்கும் முறையை இங்கே சொல்கிறேன். தினசரிக்கான சாதாரண சென்ட்டுக்கும் இதுதான் முறை, முதல் முகர்விலேயே முகம் சுளிக்க வைக்கும் விசித்திரமானவற்றுக்கும் இதுதான்.

தேவையானவை: சில சாம்பிள் குப்பிகள், தடித்த வெள்ளைக் காகிதத்தை நீளமாக வெட்டிய பட்டைகள், வாசனையில்லாத சோப்பு, ஒரு நோட்டு, பேனா.

படி 1: அஞ்சறைப் பெட்டியில் தொடங்குங்கள்

சென்ட் வாங்கும் முன் வீட்டிலிருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக, கண்ணை மூடி முகருங்கள். கிராம்பு, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், பச்சைக் கற்பூரம், வெட்டிவேர், இழைத்த சந்தனம், ஒரு முழம் மல்லிகை. தெரிந்த வாசனைதானே என்று தாண்டிப் போகாதீர்கள். ஏலக்காயை நசுக்கி நிதானமாக முகர்ந்தால் இனிப்புக்கு அடியில் யூகலிப்டஸ் தைலத்தின் குளிர்ச்சி தெரியும். இரண்டிலும் சினியோல் என்ற பொருள் இருப்பதுதான் காரணம். கிராம்பு பல் மருத்துவரின் அறையை நினைவூட்டினால் உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது, அங்கே பயன்படுத்தும் யூஜினால் கிராம்பிலும் இருக்கிறது.

மல்லிகைக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மாலையில் மொட்டாக இருக்கும்போது முகருங்கள், இரவு மலர்ந்தபின் முகருங்கள், மறுநாள் காலை வாடியதையும் விடாதீர்கள். மொட்டில் பச்சை வாசனை, மலர்ந்ததும் தேன், வாடியதில் பீரோவில் போடும் அந்துருண்டையின் சாயலும் கொஞ்சம் அழுகல் நெடியும். அந்தக் கடைசி நெடியில் இண்டோல் என்ற பொருளுக்குப் பெரிய பங்குண்டு. அது அறவே இல்லாமல் செய்த மல்லிகை சென்ட் சோப்பு போலத் தட்டையாக இருக்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைத் தலையில் சூடி வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பிடிக்கப் பயிற்சியே தேவையில்லை. நம் ஊர் மல்லிகையிலிருந்தும் ஜாதிமல்லியிலிருந்தும் எடுக்கும் சாரம்தான் வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்கும் போகிறது. ஆகவே சென்ட் என்பது நமக்குப் புரியாத மேல்நாட்டு விஷயம் என்ற தயக்கத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: பாட்டில் வேண்டாம், சாம்பிள் போதும்

பெரிய பாட்டிலிலிருந்து 2 மி.லி., 5 மி.லி. எனப் பிரித்து விற்பதை டீகாண்ட் என்பார்கள். 2 மி.லி. குப்பியில் ஏறத்தாழ இருபது முறை அடிக்கலாம். ஒரு சென்ட்டை வெவ்வேறு நாட்களில் சோதிக்க அது தாராளம்.

படி 3: தோலைத் தயார் செய்யுங்கள்

வாசனையில்லாத சோப்பில் குளியுங்கள். அன்றைக்கு டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய், தலையில் பூ, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். துணி அலசும்போது ஊற்றும் வாசனைத் திரவத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது என்பதால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் லேசாகத் தடவலாம்.

தோலில் எளிதில் அரிப்பு வருகிறவர்கள் முதல் நாள் முழங்கை மடிப்பில் ஒரு துளி மட்டும் வைத்து, மறுநாள் வரை பாருங்கள்.

படி 4: முதலில் காகிதம், பிறகு கை

காகிதத்தில் ஒரு முறை அடித்து, ஸ்பிரிட் நெடி அடங்க அரை நிமிடம் விட்டு முகருங்கள். தொடர்ந்து பழக வேண்டுமா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு முன்கையின் உட்பக்கம் ஒரு முறை. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் எது எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாது.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். தேய்த்தால் தோல் சூடேறி, முதல் கட்ட வாசனை ஓடிவிடும்.

படி 5: ஐந்து நேரங்களில் முகருங்கள்

அடித்தவுடன், அரை மணி கழித்து, இரண்டு மணி கழித்து, ஐந்து மணி கழித்து, மறுநாள் காலை சட்டையில். எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் ஆவியாகின்றன, சந்தனம், வெட்டிவேர், கஸ்தூரி வகைகள் கடைசி வரை தங்குகின்றன. ஒரே சென்ட் மணிக்கொரு முகம் காட்டுவது இதனால்தான். மறுநாள் காலைச் சட்டையை நான் மிகவும் நம்புகிறேன். செய்தவர் அடித்தளத்தில் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 6: எழுதுங்கள்

இந்த முறையின் உயிரே இதுதான். "நல்லா இருக்கு", "ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்று எழுதினால் அடுத்த வாரம் படிக்கும்போது ஒன்றும் புரியாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்து "மேலே பெர்கமாட், நடுவே ஐரிஸ்" என்று எழுதுவது அதைவிட மோசம். ஐரிஸை முகர்ந்தே இராதவருக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? பட்டியலைப் படிக்காமல் முகருங்கள். எந்த இடம் நினைவுக்கு வருகிறது, எந்தப் பொருள், சூடா குளிர்ச்சியா, ஈரமா காய்ந்ததா என்று கேட்டுக்கொண்டு, தோன்றியதை அப்படியே எழுதுங்கள். என் நோட்டிலிருந்து மூன்று பதிவுகள் (அடைப்புக்குறிக்குள் சென்ட் வெளிவந்த ஆண்டு):

டேவிடாஃப் கூல் வாட்டர் (1988). "உடனே: புதினா, லாவெண்டர், புதிதாகப் பிரித்த சலவைத்தூள். அரை மணி: துவைத்து வெயிலில் உலர்த்திய வெள்ளைச் சட்டை. ஐந்து மணி: லேசான புகையிலை, சோப்பு, சுத்தமான தோல்." இதன் பளிச்சென்ற குளிர்ச்சியில் டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த வாசனையை எண்ணற்ற சோப்புகளும் டியோடரண்டுகளும் பின்பற்றிவிட்டதால் மலிவானது என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வியர்வை நாளில் உடுத்தியவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் இதமாக இருக்கும் சென்ட்டுகள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று.

லாலீக் ஆன்க்ர் நுவார் (2006). "உடனே: ஜன்னலில் தொங்கும் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த மதியம். அரை மணி: ஈர மண், கரி, மரத்தூள், வெயில் புகாத தோப்பு. ஐந்து மணி: அதே வேர், ஆனால் காய்ந்து, லேசாகக் கசந்து." வெட்டிவேரை நாம் கோடையின் குளிர்ச்சியாகவே பழகியிருக்கிறோம். அதற்குள் இவ்வளவு இருட்டு இருப்பதை இந்த சென்ட்தான் எனக்குக் காட்டியது. தனிமையில் போட எனக்கு மிகவும் பிடித்தமானது.

செர்ஜ் லூட்டன்ஸ் துபெரோஸ் க்ரிமினெல் (1999). "உடனே: தலைவலித் தைலம், கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் பெட்ரோல். அரை மணி: தைலம் விலகுகிறது, பின்னால் சம்பங்கி. இரண்டு மணி: கல்யாண மண்டப வாசல், தண்ணீர் தெளித்து வைத்த மாலைகள்." மாலை கட்டும் நிலசம்பங்கியின் வாசனைதான் இது. அந்தப் பூவிலேயே மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, வலித் தைலங்களில் இருப்பதும் அதுதான். எல்லாரும் மறைக்கும் அந்த நெடியை இதில் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடத்தில் கையைக் கழுவிவிடுகிறவர்களுக்கு அந்த மாலைகள் கிடைக்காது.

படி 7: மூக்குக்கு ஓய்வு

ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். சென்ட் போய்விட்டது என்று நினைத்து மீண்டும் அடிக்கும் முன் மொட்டைமாடிக்குப் போய்ச் சில நிமிடம் நின்றுவிட்டு வந்து முகருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். மூக்கைத் தெளிவாக்கவென்று கடைகளில் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். வெறும் காற்றே போதும்.

படி 8: விசித்திரமானவற்றை அணுகும் விதம்

வீட்டில், விடுமுறை நாளில், மாலைக் குளிர்ச்சியில் போடுங்கள். யாரையும் சந்திக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி இருந்தால்தான் ஒரு விசித்திர வாசனையைப் பொறுமையாகக் கேட்க முடியும்.

முதலில் மிட்டி அத்தர், அதாவது மண்வாசனை அத்தர். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட களிமண்ணைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு மூடி, அடியில் விறகு எரித்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கும் பாத்திரத்துக்குள் செலுத்தி எடுக்கிறார்கள். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள். மிகமிகக் குறைந்த அளவிலேயே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். காய்ந்த செம்மண்ணில் தூறல் விழுந்த அந்த நேரத்தை ஒரு துளி எண்ணெயில் உணரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது. விலை மிகவும் குறைவாக இருந்தால் சந்தன எண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய் இருக்கும், அப்போது அடியில் வரவேண்டிய பால் போன்ற மென்மை வராது. அத்தரைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டுக் காதுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் வையுங்கள். பட்டுப்புடவையில் பட்டால் எண்ணெய்க் கறை விழும்.

அடுத்து மாலிக்யூல் 01 (2006). இந்த சென்ட்டைச் செய்த கெசா ஷோன் இதில் வாசனைக்கென்று பயன்படுத்தியது ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே பொருள். போட்ட சிலருக்கு ஒன்றுமே தெரியாது. எனக்குச் சீவிய பென்சில் மரம் போல வந்து, மறைந்து, வேறு அறைக்குப் போனதும் திரும்ப வந்தது. உங்கள் மூக்கு எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று அறிய இதைவிட நல்ல பாடம் இல்லை.

கோம் தே கார்சோன் நிறுவனத்தின் ஓடர் 53 (1998) காற்றில் காயும் துணி, நகப்பூச்சு, எரிந்த ரப்பர் என்று உயிரற்ற பொருட்களை முன்வைத்துச் செய்தது. பூவும் பழமும் இல்லாத வாசனையும் அழகாக இருக்கலாம் என்பதற்கு நல்ல சான்று. ஏதா லீப்ர் டோரான்ஜ் நிறுவனத்தின் செக்ரெசியோன் மான்யிஃபிக் (2006) ரத்தம், வியர்வை, பால் போன்ற உடல் திரவங்களின் வாசனையை எடுத்துக்கொண்டது. உலோகமும் திரிந்த பாலும் கலந்த நெடி. நான் அதை வெளியே போட்டுப்போக மாட்டேன், ஆனால் காகிதத்தில் ஒருமுறை முகர்ந்து பார்க்கத்தான் வேண்டும். செய்தவரின் துணிச்சல் மதிக்கத்தக்கது.

படி 9: நாள்தோறும் போட எத்தனை ஸ்ப்ரே?

வெயிலும் புழுக்கமும் வாசனையைப் பெருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் நான்கு ஐந்து முறை அடிப்பதைப் பார்த்து சென்னை மே மாதத்தில் அப்படியே செய்யக்கூடாது. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் சட்டைக்குள் மார்பில் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளலாம். மூக்லர் ஏஞ்சல் (1992) போல வறுத்த சர்க்கரையும் பச்சோலி இலையும் சேர்ந்த இனிப்பு வகைகளுக்கு மார்கழி வரை காத்திருங்கள். கோடையில் ஏஞ்சல் என் தோலில் தலைவலியைக் கொடுத்தது, மழைக்கால இரவில் அதே சென்ட் மிட்டாய்க்கடை வாசல் போல இதமாக இருந்தது. பருவம் மாறியதும் பழைய சாம்பிள்களை மறுபடி போட்டு, தேதியிட்டு எழுதுங்கள்.

குப்பிகளைக் குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள், வெளிச்சமும் சூடும் கெடுத்துவிடும். அலமாரியின் கீழ்த்தட்டு போதும்.

எங்கே தொடங்கலாம்?

முதல் சுற்றுக்கு நான்கு சாம்பிள் வாங்குங்கள்: கூல் வாட்டர் போன்ற ஒரு துவைத்த துணி வாசனை, ஒரு வெட்டிவேர், ஒரு சம்பங்கி அல்லது மல்லிகை, ஒரு மிட்டி அத்தர். நான்கில் மூன்று உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே பழக்கமான பொருட்கள் என்பதால் எழுத வார்த்தை தட்டுப்பாடு இருக்காது. ஒவ்வொன்றையும் இரண்டு வெவ்வேறு நாட்களிலாவது போட்டுப் பாருங்கள். மாலிக்யூல் 01, ஓடர் 53 எல்லாம் இரண்டாம் சுற்றுக்கு. பாட்டில் வாங்கும்போது 30 மி.லி. கிடைத்தால் 100 மி.லி. பக்கம் போகாதீர்கள்.